ராணியின் கழுத்துப் பெட்டிக்குச் சந்தனம்

ஈஜோக் பக்கம் சின்னையாவின் மாடுகளைத் தெரியாதவர் கிடையாது. பாதிப் பேர் வீட்டு வாழைக்கன்றுகளை அவை தின்றிருக்கின்றன.

செம்பனைப் பழ லோரி ஓட்டி இடுப்பு தேய்ந்த பிறகு அவர் வாங்கிய மாடுகள் அவை. காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றின் காதையும் தொட்டுச் சூடு பார்ப்பார். சாணியைக் குச்சியால் கிளறுவார். எதிரில் குந்திக்கொண்டு அசைபோடும் வாயையே பார்ப்பார். பெண்டாட்டி துளசிக்குக் காய்ச்சல் என்றால் மட்டும், "மாத்திரை இருக்கா பாரு" என்பதோடு சரி.

போன வருடம் அவர் பத்தாங் காலியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பசு ராணி தோட்டத்துக்குள் தனியே கன்று போட்டது. கன்று பிழைக்கவில்லை. அந்நேரம் தான் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கியது சின்னையாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பாயசம் தொட்டதில்லை. இப்போது ராணி மறுபடியும் நிறைசினை.

ரவாங்கில் வேலை செய்யும் மருமகன் அகிலன் ராணிக்கு ஒரு கழுத்துப் பட்டை வாங்கி வந்தான். அதில் ஒரு கறுப்புப் பெட்டி. மாடு அசைபோடாவிட்டாலும் நிலைகொள்ளாமல் தவித்தாலும் அது போனுக்குச் சொல்லிவிடும். வெயில் பட்டால் தானாகவே சார்ஜ் ஏறும்.

"மாமா, இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி அன்றோடு போயிற்று. ராணி மரத்தில் கழுத்தைச் சொறிந்தால் போன் அலறியது. நாயைத் துரத்தினால் அலறியது. கோயிலில் தீபாராதனை நேரத்தில் அலறியபோது பூசாரியே, "போய்ப் பாருங்கண்ணே, சாமி எங்கயும் போகாது" என்றார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. துளசியின் கையில் வீட்டில் ஓடும் எதுவும் தப்பாது. மோட்டார்சைக்கிள், மாவு மெஷின், துணி மெஷின் எல்லாம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வாங்கியவை. ராணியின் பெட்டியும் உழைக்கிற சாமான்தானே! துளி வெயில் புகாதபடி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் போன் வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"பாத்தீங்களா, சாமி கும்பிட்டதும் அடங்கிருச்சு."

சின்னையா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "எந்நேரமும் கத்துறவ திடீர்னு வாயை மூடிக்கிட்டா பயமா இருக்கும்லா."

"யாரச் சொல்றீங்க?"

"போனச் சொன்னேன்" என்றவர் செருப்பு மாட்டாமலே தோட்டத்துக்குள் ஓடினார்.

செம்பனை மட்டைக் குவியலுக்குப் பின்னால் ராணி படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. போனில் மாட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"வந்துக்கிட்டே இருக்கேன் அங்கிள். அது முக்குறப்ப மட்டும் இழுங்க. அவசரப்படாதீங்க."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த துளசி ஒரு காலைப் பிடித்தாள். ராணி முக்கியபோதெல்லாம் இருவரும் இழுத்தார்கள். துளசி துணைக்கு முக்கவும் செய்தாள். வழுக்கிக்கொண்டு வந்த கன்று அவர் மடியில் விழுந்தது. அசைவே இல்லை. மூக்கைத் துடைத்தார். துண்டால் விலாவைத் தேய்த்தார். "டேய், டேய்" என்றார்.

கன்று தும்மியது, நேராக அவர் முகத்தில்.

ராணி எழுந்து கன்றை நக்க ஆரம்பித்தது. அப்போதுதான் துளசியின் கண்ணில் பெட்டி பட்டது. காய்ந்த சந்தனத்தைச் சத்தமில்லாமல் சுரண்டி எடுத்தாள்.

சாயங்காலம், கன்றை வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கென்று பாயசம் வைத்தாள். சின்னையாவும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கினார். வாயருகே கொண்டுபோன நேரம் போன் அலறியது. ராணி நிலைகொள்ளாமல் இருக்கிறதாம், உடனே பார்க்க வேண்டுமாம்.

"பாத்தாச்சுலா" என்று போனிடம் சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கொட்டகைக்கு நடந்தார்.