அத்தை எழுந்து போகாத ஞாயிறுகள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை அப்பமும் ரசமும் கொடுப்பார்கள். பெண்கள் பந்தி பந்தியாக எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பீடத்தின் முன் போய் முழங்காலிடுவார்கள். யார் எழவில்லை என்பதை மறைக்கவே முடியாது. மதியம் சங்கரன்கோவில் வீடுகளில் கறி கொதிக்கும்போது அந்தப் பேச்சும் கூடவே கொதிக்கும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு எழவேயில்லை. கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அந்த ஈஸ்டரன்று நடந்த என் தம்பியின் ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை அத்தையுடையது. அம்மா பிள்ளையைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் அம்மா அந்தப் பிணக்கையும் அத்தை பந்திக்கு எழாததையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"உள்ள என்னமோ பெரிய பாவம் கெடக்கு. இல்லன்னா பந்திக்கு வர ஏன் பயப்படணும்?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ராத்திரி ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்புப் பெருமையில், பாவத்தைக் கண்டுபிடிப்பதும் என் வேலைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். கடைக்குக் கொடுப்பதற்காகப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். என்ன பாவம் செய்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிறாய் என்று கேட்டாள். பிறகு நூலை முடிச்சுப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்கம்மய நெனச்சா இன்னும் ஆத்திரம் தீரல. அந்த மனச வச்சுக்கிட்டு அப்பத்துக்கு எப்படி மக்கா கை நீட்ட?"

ஓட்டமாக வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். கேஸை முடித்தவளைப் போல, பாராட்டுக்காக நின்றேன். அம்மா களைந்த அரிசியையே மறுபடியும் மறுபடியும் களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் நற்கருணை. எங்கள் பெஞ்சில் எல்லோரும் எழுந்தார்கள், அம்மா எழவில்லை. முழங்கையால் இடித்தேன்.

"நீ போயி ஆசீர்வாதம் வாங்கிட்டு வா. நான் இப்ப வரல" என்றாள்.

முன்னால் போன பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அத்தையின் பாவம் அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். இனி எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் பரிசுத்தவாட்டி நான் ஒருத்திதான் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு பீடத்துக்கு நடந்தேன். சிறுபிள்ளைகளுக்கு அப்பம் கிடையாது; போதகர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

திரும்பி வந்தால் என் இடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்னால் போய்க் கூட்டி வந்திருக்கிறாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சின் மேல் அத்தையின் கையை அம்மாவின் கை மூடியிருந்தது.

"மைனி, கடேசிப் பந்திக்கு ரெண்டு பேருமாப் போவோம்" என்றாள் அம்மா.

அவர்கள் எழுந்து போய், முழங்காலிட்டுத் திரும்பும்வரை நான் தூணோரம் நின்றேன். நான் அடுத்தவர் பாவத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் இடத்தைத் தூக்கி அத்தைக்குக் கொடுத்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கு.