துடைப்பம் தட்டிய ஆமாம்

ஆய்வகத்தில் அவளைத் துடைப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சும்மா கிடக்கிற எதையும் அவளுக்குக் கண் பொறுக்காது, கை துறுதுறுக்கும். வீட்டிலும் அதே கதைதான். போன வாரம் பரணைக் காலி செய்தபோது, மகன் படுத்த மரத்தொட்டிலைக்கூடப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் கணவன் செருப்பை ஒளித்துவைத்துத்தான் பிழைக்கிறான்.

அன்று காலை, யாரும் தொடாத ஒரு புரோகிராமை நீக்கினாள். "இந்த லைப்ரரியும் இனி யாருக்கும் தேவையில்லை, நீக்கலாமா?" என்று கேட்டது, கம்ப்யூட்டரில் புரோகிராம்களைப் போடவும் எடுக்கவும் செய்யும் பேக்கேஜ் மேனேஜர். லைப்ரரி என்பது தெருவுக்கு ஒரு கிணறு மாதிரி. பல புரோகிராம்கள் பொதுவாகப் புழங்குவது. யார் யார் புழங்குகிறார்கள் என்று கணக்கு வைப்பது மேனேஜரின் வேலை. அவள் வழக்கம்போல ஆமாம் என்று தட்டினாள்.

தட்டிய கை ஓய்வதற்குள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தரும் புரோகிராம் படுத்துவிட்டது. அதுவும் அந்த லைப்ரரியைத்தான் புழங்கிவந்தது. அதை முன்பொரு நாள் அவசரத்தில் மேனேஜரிடம் சொல்லாமல் கையால் நகலெடுத்துப் போட்டவள் அவளேதான். கொல்லைப்புறமாக வந்தவனின் தாகம் கணக்கில் ஏறுமா?

போன் அடித்தது. தங்கையின் கணவர். தங்கையை அன்று பிரசவ ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள்.

"அண்ணி, உங்க லேப் ரிப்போர்ட்டுக்குத்தான் டாக்டர் காத்துட்டு இருக்கார். இவ வலியில துடிக்கிறா!"

"இதோ... இப்ப வந்துடும்."

லைப்ரரியைத் திரும்ப வரவழைத்தாள். வந்ததோ புதிய பதிப்பு. ரிப்போர்ட் புரோகிராம் பழையதுதான் வேண்டுமென்று அடம்பிடித்தது. பழையதன் பிரதியைத் தேடினாள். அதையும் போன மாதம் அவளே பெருக்கித் தள்ளியிருந்தாள். இருப்புக்கொள்ளாமல் வரவேற்பறைக்கு ஓடினாள்.

"நல்லவேளை, என் கம்ப்யூட்டர்ல உன்ன கைவைக்க விடல" என்றாள் வரவேற்பறைக்காரி. பழையது அதில் பத்திரமாக இருந்தது.

அதை நகலெடுத்துப் போட்டதும் ரிப்போர்ட் போனது. இந்த லைப்ரரி வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும் நீக்காதே என்று மேனேஜரிடம் இந்தமுறை ஒழுங்காகச் சொல்லிவைத்தாள்.

சாயங்காலம் தங்கையே பேசினாள். குரல் களைத்திருந்தது.

"பொண்ணு பொறந்திருக்குக்கா. நல்லா இருக்கா." கொஞ்சம் தயங்கினாள். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்... உன் பையன் படுத்த தொட்டில் பரண்மேலதானே இருக்கு? அதுலதான் இவளப் போடணும்னு ஆசை."

எதற்கும் சட்டென்று ஆமாம் தட்டுகிறவள், பழைய சாமான்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.