நான் படித்திருக்கக் கூடாத கடிதம்

2004-ஆம் வருடம், ஆடி மாதம். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களும், மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடை காற்றாடும். அந்த நேரத்தில்தான் படிப்பேன்.

படித்தது நெட்வொர்க் பாதுகாப்புக்கான ஆரம்பநிலைத் தேர்வுக்கு. இன்றைக்கு சைபர் செக்யூரிட்டி என்று எல்லோரும் பேசுகிறார்கள். அன்றைக்கு அதைப் பற்றிச் சந்தேகம் கேட்க எங்கள் ஊரில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை செய்த அப்பாவுக்கு, பெண் ஒழுங்காக அரசாங்கப் பரீட்சை எழுதாமல் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று வருத்தம். எனக்கோ அந்தப் புத்தகம் கதைப்புத்தகம் மாதிரி இருந்தது. பூட்டு எப்படி வேலை செய்கிறது, அதை எப்படித் திறக்கிறார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஆச்சரியம்.

அதில் ஒரு பாடம் என்னை விடவே இல்லை. ஒரு கடையில் பல கம்ப்யூட்டர்களை இணைக்க ஹப் என்று ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வருவதை அது மற்ற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். அவை தமக்கு வராததைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அவ்வளவுதான். கண்டுகொள்ளச் சொல்லி ஒரு புரோகிராம் போட்டால், அடுத்தவர் அனுப்புவதெல்லாம் நம் திரையில் தெரியும் என்று எழுதியிருந்தது. எங்கள் கடையிலும் ஹப்தான் இருந்தது. உண்மையிலேயே தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும் போல் கை பரபரத்தது.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்பிவிட்டது. கடையில் ஒரே ஒரு அம்மாதான் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சென்னையில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து, பக்கத்துத் தெருவில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவர். புத்தகத்தோடு வந்த சி.டி.யைப் போட்டு புரோகிராமை ஓட்டினேன். முதலில் வெறும் எண்களாக ஓடியது. பிறகு நடுவில் ஒரு வரி. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

ஒப்புக்கொள்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். பாடம் பொய் சொல்லவில்லை! அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த வரியையும் படித்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

துபாயில் இருக்கும் தங்கைக்கு எழுதியிருந்தார். மார்பில் நான்கு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது, வலி இல்லை, இங்கே யாருக்கும் தெரியாது, டாக்டரிடம் காட்டப் போவதில்லை, நீயும் பதறி ஓடி வராதே என்று. எழுதி முடித்ததும் எழுந்து, எப்போதும் போல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் இதே யோசனைதான். சொன்னால் நான் செய்த திருட்டுத்தனம் வெளியே வரும். சொல்லாவிட்டால் அந்தக் கட்டி அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் மதியம் அவர் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், அன்னிக்கு நீங்க தங்கச்சிக்கு எழுதின மெயிலை நான் படிச்சிட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க, ப்ளீஸ்."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அது இல்லாமலே தெரியுது."

"எப்படி? காட்டுங்க."

திட்டுவார் என்று நினைத்திருந்த எனக்கு இது புரியவே இல்லை. என் இடத்துக்குப் போய் புரோகிராமை ஓட்டினேன். அவர் தன் முகவரிக்கே ஒரு வரி அடித்து அனுப்பினார். அது என் திரையில் வந்து நின்றது. 'படிக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார். தலையை ஆட்டினேன். அவர் எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, தன் வரியைத் தானே படித்துப் பார்த்தார். காசை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், கட்டியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "நம்மள நம்பி வர்றவங்கம்மா அவங்க. இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா வேலைக்கு வராத" என்றார். பிறகு, இதை அடைக்க வழி உண்டா என்று கேட்டார். ஸ்விட்ச் என்று வேறொரு பெட்டி இருக்கிறது, அவரவருக்கு உரியதை அவரவருக்கு மட்டும் அனுப்பும் என்றேன். அன்று சாயங்காலமே வாங்கி வந்து மாட்டச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறக்கும்போது அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"இந்த ஊர்ல இது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூட வர்றீங்களா?"

பாயிடம் லீவு சொல்லிவிட்டு அப்படியே கிளம்பினேன். பஸ்ஸில் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வைரஸை யார் எழுதுகிறார்கள், எதற்கு எழுதுகிறார்கள், பாஸ்வேர்டை ஏன் அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள் என்று போளூர் தாண்டியும் கேட்டுக்கொண்டே வந்தார். மனப்பாடம் செய்திருந்த பல விஷயங்கள் அவருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கின. எப்போது 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் அறைக்குள் போகும்போது பையை என்னிடம் கொடுத்தார்.

பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வந்தது. பயப்படும்படி இல்லை, சின்ன ஆபரேஷன் போதும் என்றார்கள். ஆபரேஷனுக்குத் துபாயிலிருந்து தங்கை வந்துவிட்டார். உடம்பு தேறியதும் இருவரும் சேர்ந்தே சென்னைக்குப் போனார்கள். கிளம்பும் முன் கடைக்கு வந்து, பரீட்சையை நன்றாக எழுதச் சொன்னார். அந்தக் கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மார்கழியில் தேர்வு எழுதினேன். சுமாரான மதிப்பெண்ணில் தேறினேன். புத்தகத்தின் கடைசியில் நெறிமுறைகள் என்று ஒரு சின்னப் பாடம் உண்டு. சுலபமாக மார்க் வாங்கலாம் என்று முதலில் படிக்காமல் தள்ளிவைத்திருந்தேன். அதிலிருந்து வந்த கேள்விக்கு விடை பளிச்சென்று தெரிந்தும், அதைக் குறிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இன்று கம்பெனிகளின் நெட்வொர்க்கைச் சோதிப்பதுதான் என் தொழில். எழுத்தில் அனுமதி வராமல் எதையும் தொட மாட்டேன், கண்ணில் பட்டாலும் தேவைக்கு மேல் ஒரு வரி படிக்க மாட்டேன். நான் படித்ததால்தான் அவர் டாக்டரிடமே போனார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை. அந்த அக்கா என்னை மன்னித்தாரா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் ஒளித்துவைத்ததைத் திருடிப் பார்த்தவளையே துணைக்கு அழைத்துப் போனாரே, அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி நடந்துகொள்ளத்தான் இத்தனை வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.