வாவியில் நனைத்த சீலை

ஏமாந்த கதையைச் சொல்ல வெட்கப்படுகிற ஆளில்லை நான். எனக்குத் தெரிந்து என்னைப் போல ஆனந்தமாக ஏமாந்தவன் மட்டக்களப்பில் வேறொருவன் இல்லை. யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு நடந்த கதை, இப்போது நினைத்தாலும் தனியே இருந்து சிரிக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிற ஆள். அப்படித்தான் புளியந்தீவில் பள்ளிக்கூட வாத்தியாராயிருந்த நான் குருக்கள்மடத்தில் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாமியார் அதிகம் பேசமாட்டார். மூன்று மாதத்தில் அவர் என்னோடு பேசியதெல்லாம் “சாப்பிட்டீங்களா மருமகன்” என்பதுதான். அந்த வீட்டில் எதை வாங்குவதானாலும் மூத்த மருமகனைத்தான் கூப்பிடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. படித்தவன் ஒருவன் சும்மா குந்தியிருக்க, மாடு கட்டுகிற மனிதரிடம் யோசனை கேட்கிறார்களே என்று உள்ளே எரிந்தது.

வைகாசி வந்தது. மாரி நெல் விற்ற காசு எல்லார் மடியிலும் இருக்கும், அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கும், கச்சான் என்கிற மேல்காற்றோடு ஊர் பேர் தெரியாத வியாபாரிகளும் வந்து இறங்குவார்கள். கரும்புப் பாணியைத் தேன் என்பான் ஒருவன், பித்தளையைப் பவுன் என்பான் இன்னொருவன். அந்தக் கள்ளர்களைப் பற்றி ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் இருந்து பெரிய பிரசங்கமே வைத்தேன். கண்ணால் பார்த்து, கையால் சோதித்து வாங்குகிறவனை எவனும் ஏய்க்க முடியாது என்று முடித்தேன். மாமியார் என் சோற்றில் இன்னொரு அகப்பை குழம்பு விட்டார். பிறகு, சடங்குக்கு வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கும் இந்த முறை நீங்களே சீலை வாங்கி வாருங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே புளியந்தீவுத் தோணித்துறையில் வியாபாரியைப் பிடித்தேன். கயிற்றில் சீலைகள் தொங்கின, எல்லாம் செவ்வரத்தம்பூச் சிவப்பு. சாயம் போகுமா என்று வாத்தியார் குரலில் கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. ஒரு சீலையை உருவி என் கையில் தந்து, இதோ வாவி இருக்கிறது, நீங்களே நனைத்துப் பாருங்கள் ஐயா என்றான். எந்த வியாபாரி தன் சரக்கை நனைக்கச் சொல்வான்! முழங்கால் தண்ணீரில் இறங்கி நனைத்தேன், கசக்கினேன், கல்லில் அடித்தேன், பிழிந்தேன். ஒரு சொட்டுச் சிவப்பு வரவில்லை. கூடி நின்றவர்களுக்கு, சாமான் வாங்குவதென்றால் இப்படித்தான் வாங்க வேண்டும் என்று புத்தி வேறு சொன்னேன். என்னைப் பார்த்து ஆறேழு பேர் வாங்கினார்கள். வியாபாரி என்னைக் கும்பிட்டான், ஏன் கும்பிடமாட்டான்?

சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. அம்மனைக் குளிரவைத்த கிணற்று நீரைக் கோயில் பூசாரியான கட்டாடியார் வேப்பிலைக் கொத்தால் சனத்தின்மேல் தெளிப்பார். அந்த வருடம் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் நாலு பேரும் சிவப்புச் சீலையில் வந்து, எல்லாருக்கும் பின்னால் மரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள். எனக்கு எப்படி இருக்கும்? இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஊர் பார்க்க வேண்டாமா? வரமாட்டோம் என்றவர்களை விடாமல் கெஞ்சி, கூட்டத்தை விலக்கி, முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமியாரும் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தார்.

சனம் இன்னும் தெளி, இன்னும் தெளி என்று கேட்க, கட்டாடியார் வேப்பிலையை வைத்துவிட்டுக் குடத்தையே தூக்கி ஊற்றிவிட்டார்.

அம்மாளே! முதலில் மனைவியின் அக்காவான மச்சாளின் முழங்கையால் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பிறகு என் மனைவியின் கால் பெருவிரல் சிவந்தது. பிறகு கோடும் இல்லை, விரலும் இல்லை, நாலு பேரும் நின்ற மணல் முழுக்கச் சிவப்பு. யாருக்கோ காயம் என்று பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். நடுவில் நின்ற என் வேட்டியும் சிவந்தது. கூட்டத்தில் இன்னும் ஆறேழு இடத்தில் அதே சிவப்பு ஓடியது, எல்லாம் என் உபயம். மூத்த மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் சால்வையை நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு புளியந்தீவுக்குப் போய்விட வேண்டியதுதான், அந்த வீட்டில் இனி எனக்கு முகமில்லை என்று முடிவு செய்தேன். மாமியார் மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல் பூசை முடியும் வரை அப்படியே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியிடம் குழறினேன். நானே வாவியில் நனைத்துப் பார்த்தேனே, அப்போது நின்ற சாயம் இப்போது எப்படிப் போனது என்று கேட்டேன்.

“கடலோட சேருற வாவித் தண்ணி கோடையில உப்பெல்லோ. உப்புத் தண்ணி சாயத்தைப் பிடிச்சு வைக்கும். நல்ல தண்ணியில நனைச்சாத்தான் தெரியும்” என்றாள்.

“உனக்கு ஆர் சொன்ன?”

“அம்மாதான். நீங்க கொண்டு வந்த அண்டைக்கே கிணத்தடியில நனைச்சுப் பாத்திட்டா.”

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

“பிறகு ஏன் உடுத்தீங்க?”

“‘மருமகன் முதல் முதல் வாங்கித் தந்தது, உடுக்காட்டி அவருக்கு மனம் நோகும். தண்ணி படாத இடமாப் பாத்து நிப்பம்’ எண்டு அம்மா சொன்னா. நீங்கதானே முன்னுக்கு இழுத்தீங்க.”

முன்னால் பார்த்தேன். சிவப்பு ஒழுகிய சீலையோடு, போர்வை ஒன்று வாங்கிப் போர்த்தாமல், ஊர்ச் சனம் இரண்டு பக்கமும் பார்க்க, மாமியார் நேராக நடந்துகொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவசரமாக வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், பிறகு பொத்த முடியாமல் தெருவிலேயே குந்திச் சிரித்தாள். சத்தம் கேட்டு மாமியார் திரும்பினார். செவ்வரத்தம்பூவாகச் சிவந்திருந்த என் மூஞ்சியைக் கண்டதும் அவரும் சிரித்தார். அந்த மனிசி சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்.

“வாங்க மருமகன்” என்றார், “வீட்ட போய் முகத்தைக் கழுவுவம். நல்ல தண்ணியில.”