ஜெப நடைக்குக் கொடுத்த முகவரி

எங்கள் ஜெபக்குழுவில் விண்ணப்பம் வைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. "என்ர மகளுக்காக ஜெபியுங்கோ" என்று மொட்டையாகச் சொன்னால் எடுபடாது. மகளுக்கு என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, ஒப்பரேஷன் எத்தனை மணிக்கு என்று எல்லாம் சொல்லவேண்டும். குழுவை நடத்துகிற அண்ணையின் கொள்கை அது. "விபரமாய்க் கேட்டால்தான் விபரமாய்க் கிடைக்கும்" என்பார். "ஏன் அண்ணை, ஆண்டவருக்கு வழி தெரியாதோ?" என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டுவிட்டு, மற்றப் பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு வழக்கம் ஜெப நடை. ஒரு வீட்டிலோ கடையிலோ ஏதும் சரியில்லை என்றால் நாலைந்து பேர் போய், அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, சுவரில் கைவைத்து, வாய்க்குள் ஜெபித்துவிட்டு வருவார்கள். பார்க்கிற ஜெர்மன்காரர் யாரோ வீடு வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் போயிருக்கிறேன். அதில் ஒரு தீங்கும் இருப்பதாக எனக்கு அப்போது படவில்லை.

நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் என்கிற ஊரில், ஒரு பெண் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, என்னைவிட இருபது வயது குறைந்த பெட்டைகளோடு உட்கார்ந்து இந்த வேலைக்குப் படித்தேன். எங்கள் டொக்டர் அறுபதைத் தாண்டிய ஜெர்மன்காரி. கர்ப்பிணிகளைப் பார்ப்பார், புற்றுநோய்ச் சோதனை செய்வார், கருக்கலைப்பும் செய்வார். அக்கம்பக்கத்து ஊர்களில் கருக்கலைப்புச் செய்துவந்த டொக்டர்மார் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நமக்கேன் வம்பு என்று அதைத் தொடவில்லை. அதனால் எங்கெங்கோ இருந்தெல்லாம் ரயில் ஏறி எங்களிடம் வருவார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு ஜெர்மன் கூட்டம் செபமாலையோடு வந்து நிற்கும். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கருவின் அளவில் ஒரு பிளாஸ்டிக் குழந்தை இருக்கும். புதுச் சட்டம் வந்த பிறகு வாசலில் நிற்க ஏலாது என்று தள்ளிப்போய் பஸ் தரிப்பில் நின்றார்கள். பஸ்ஸில் வருகிற பெண்கள் இப்போது இறங்கிய உடனேயே அவர்களுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். கடிதங்களும் வரும். அவற்றை டொக்டர் எங்களுக்குக் காட்டமாட்டார். நேரே பொலிசுக்குக் கொடுத்துவிடுவார். அவருடைய வீட்டு முகவரி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வீட்டு மணியில்கூட வேறு பெயர்தான் இருக்கும்.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, காத்திருக்கும் அறையின் யன்னலுக்குக் கல் வந்தது. நான் அப்போது உள்ளே பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி சிதறி, சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கூடைக்குள்ளும் விழுந்திருந்தது. டொக்டர் வந்தார், பார்த்தார், "முதலில் அந்தக் கூடையை அப்படியே எறிந்துவிடுங்கள்" என்றார். பிறகு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

இவர், அதாவது என் கணவர், மரக்கறிக் குளிரறையில் பெட்டி அடுக்குகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. கல் விழுந்த நாளிலிருந்து, வேலை முடிய வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். "உம்மை அங்க விட்டிட்டு எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை" என்றார். டொக்டர் செய்கிற வேலை இவருக்குப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும், நாங்கள் அதைக் கதைப்பதில்லை. குழுவில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் "பிரஷர் பாக்கிறன், ரத்தம் எடுக்கிறன்" என்று சொல்லி நழுவிவிடுவேன். அதுவும் பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் எனக்கு வாய் ஓயாது. டொக்டரைப் பற்றிக் கதைக்க எனக்குப் பிடிக்கும். வியாழக்கிழமைகளில் புருசனும் பெண்சாதியுமாகப் பாட்டுக்குழுவுக்குப் போவார்கள், டொக்டர் அடித்தொண்டையில் பாடுவாராம் என்றெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். பூனை வந்து போகட்டும் என்று பின்பக்கத்துக் குசினி யன்னலை எப்போதும் திறந்தே விட்டிருப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். வீடு இவருக்கும் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு நான் பொரித்த ரோல்ஸைக் கொண்டுபோய்க் கொடுக்க, காரில் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான்.

தவக்காலம் முடிவதற்கு முந்தின கிழமை. வெள்ளிக்கிழமை காலை டொக்டர் வேலைக்கு வரவில்லை. ஒரு நாளும் பிந்தாத மனுசி. பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தின நாள் அவர்கள் பாட்டுக்குப் போயிருந்த நேரம், யாரோ அந்தக் குசினி யன்னலுக்குள்ளால் அமிலம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழுதான வெண்ணெயில் இருக்கிற அதே சாமான்தானாம், வெறும் வாந்தி நாற்றம். முதலில் உள்ளே போனது டொக்டரின் கணவர். அவருக்கு ஏற்கெனவே தொய்வு, மூச்சு இழுக்கும். பூனைதான் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்து, குனிந்து துடைக்கத் தொடங்கியிருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு இருக்கிறார். "இன்றைக்கு வரவிருந்த எல்லோரையும் மாற்றிப் போடுங்கள்" என்றார் டொக்டர். பிறகு கேட்டார்: "அந்த யன்னலை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல இவருடைய முகம் வெளிறிப் போனது.

"நான் ஜெபம்தானே கேட்டனான்" என்றார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"ஒரு ஜெப நடை. அந்த வீட்டைச் சுத்தி நடக்கச் சொல்லி, எங்கட ஆம்பிளையள் குழுவுக்கு ஒரு குரல்பதிவு போட்டனான். கல்லெறி வந்தாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. அந்த அம்மா இந்த வேலையை விட்டால் ஒருத்தரும் கல்லெறியமாட்டினம், நீரும் நிம்மதியாய் வேலை செய்வீர் எண்டு நினைச்சன்."

"முகவரி குடுத்தனீங்களோ?"

"குடுக்காமல் எப்பிடி நடக்கிறது?"

"வியாழக்கிழமை எண்டும் சொன்னனீங்களோ?"

"அந்த மனுசி பயந்துபோகும் எண்டுதான், ஆக்கள் இல்லாத நேரமாய்ப் பாத்துச் சொன்னனான்." பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "யன்னலையும் சொன்னனான். அதில நிண்டு ஜெபிச்சால் ஜெபம் உள்ளுக்குப் போகும் எண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த உலகத்தில் எங்களைப் போன்ற சனத்தைத் தவிர வேறு யாராவது இப்படி ஒரு காரியத்தைச் செய்வார்களா? ஒரு மனுசி ஒளித்து வைத்த வீட்டை, நேரமும் யன்னலுமாக, பக்தியோடு எடுத்துக் கொடுத்திருக்கிறோம். இவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த யன்னலை இவருக்குத் திறந்து காட்டியது என் வாய்தான்.

எங்கள் குழுவில் பஸ் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஜெர்மன் நல்லாய் ஓடும். செபமாலைக் கூட்டத்தோடு அவரும் சில நாள் பஸ் தரிப்பில் நின்றிருக்கிறார். அவரை அழைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை மனுசன். "ஓம் அக்கா, உங்கட மனுசன் குரல்பதிவில சொன்னதை ஜெர்மனில எழுதி அவையளின்ர குழுவுக்கும் போட்டனான். கனபேர் சேர்ந்து ஜெபிச்சால் நல்லம்தானே. வியாழன் எனக்கு வேலை எண்டு நாங்கள் நாலு பேர் புதன்கிழமையே போய் நடந்திட்டு வந்திட்டம். நாங்கள் ஒண்டும் செய்யேல்லை அக்கா, சத்தியமாய்."

செய்யவில்லைத்தான். நான் நம்புகிறேன். அந்த ஜெர்மன் குழுவில் எத்தனை பேர், அதில் யாருடைய கை அந்தப் போத்தலைப் பிடித்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கைக்கு வழி சொன்னது நாங்கள்.

ஜெபக்குழு அண்ணையிடம் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "சத்துரு எங்கட ஜெபத்தைத் தன்ர பாவிப்புக்கு எடுத்திட்டான். நீங்கள் இதைப் பொலிசுக்குக் கொண்டுபோகாதேங்கோ. ஊருக்கு முன்னால எங்கட சாட்சி கெட்டுப்போம்" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "ஆனால் ஒண்டு பாருங்கோ, அந்த வேலை நிண்டால் எத்தினை பிள்ளையள் தப்பும்" என்றார். "ஆஸ்பத்திரியில மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறதும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான் அண்ணை" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் காலில் மாட்டினேன். அவருடைய மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, இனிக் கருக்கலைப்பு இல்லை, புதிதாக யாரையும் எடுக்கவேண்டாம் என்றார். "எனக்கு நடந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு நடந்ததைத் தாங்கமுடியவில்லை." அன்றிலிருந்து தொலைபேசியில் பதில் சொல்வது என் வேலையாகிவிட்டது. நாள் குறிக்க டெர்மின் கேட்டு எடுக்கிற பெண்களிடம் "இங்கே இனிச் செய்வதில்லை" என்பேன். பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரு பெண் மட்டும், பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்க, "அப்ப நான் எங்கே போவது?" என்று கேட்டாள். இரண்டு ரயில் மாறிப் போகவேண்டிய ஓர் இடத்தைச் சொன்னேன். "இந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

டொக்டரிடம் சொல்லாமல் இனி அவர் முகத்தில் முழிக்க ஏலாது என்று இவரிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றேன். "நான்தானே சொன்னது, நானே வந்து சொல்லுறன்" என்றார் இவர். முதலில் பொலிசுக்குப் போனோம். இவர் தன் குரல்பதிவைத் தானே போட்டுக் காட்டினார், நான் மொழிபெயர்த்தேன். பஸ்காரரின் பெயரையும் இவரே எழுத்தெழுத்தாகச் சொன்னார். அங்கிருந்து நேரே டொக்டரின் வீட்டுக்குப் போனோம். இவர் கல்யாணம் காட்சிக்குப் போடுகிற கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

குசினியில் தரைப் பலகைகளை எல்லாம் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அப்படியும் நாற்றம் போகவில்லை. டொக்டரின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, மேல்மாடியில் படுத்திருந்தார். இருமல் சத்தம் கீழே கேட்டது. டொக்டர் எங்கள் கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு எங்களை முன்னறையில் இருத்தினார்.

வேலைத்தலத்து ஜெர்மன்தான் இவருக்குத் தெரியும். பெட்டி, எடை, பாரவண்டி எல்லாம் சொல்வார். ஜெபத்தைப் பற்றி அந்த மொழியில் ஒரு வசனம் வராது. அதனால் இவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் சொன்னேன். முகவரி, வியாழக்கிழமை, யன்னல், நான் மேசையில் கதைத்தது, ஒன்றையும் விடவில்லை. குனிந்த தலை நிமிராமல் சொல்லி முடித்தேன்.

கடைசியில் டொக்டர் ஒன்று மட்டும் கேட்டார். "அந்த ஜெபத்தில் எனக்காக என்ன கேட்டார்?"

நான் இவரைப் பார்த்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். இவருக்குப் பொய் வராது.

"அவவின்ர கையைக் கட்டும் ஆண்டவரே எண்டு கேட்டனான்" என்றார்.

எங்களிடம் அது சாதாரணமான ஜெப வார்த்தை. கெட்டது செய்கிறது என்று நாங்கள் நினைக்கிற எதையும் "கட்டி" ஜெபிப்போம். ஜெர்மனில் அதைச் சொல்லும்போது ஒருவரைப் பிடித்துக் கயிற்றால் கட்டுவது போலவே இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

டொக்டர் கோபமே இல்லாத குரலில், "அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார்.

"நீங்கள் கேட்ட ஜெபம் கேட்கப்பட்டிட்டுதாம்" என்றேன் இவரிடம்.

எங்கள் குழுவில் அந்த வசனத்தைக் கேட்டால் எல்லோர் வாயிலிருந்தும் ஒரு சொல்தான் வரும். யோசித்து வருவதில்லை, தும்மல் மாதிரி தானாக வரும்.

"ஸ்தோத்திரம்" என்றார் இவர்.

சொன்ன பிறகுதான் தன் குரல் இவருக்கே கேட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் டொக்டர்.

"கடவுளுக்கு நன்றி என்கிறார்" என்றேன்.

டொக்டர் தலையை ஆட்டினார். எழுந்துபோய் எங்களுடைய கோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார்.