மேடம் விளையாட்டு

நான் சின்ன வயதில் உதிர்த்த பொன்மொழிகள் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பட்டியலே உண்டு. மின்தூக்கியில் மாடி எண்ணைச் சொல்லும் குரலைக் கேட்டு, "இந்த ஆன்ட்டி எப்ப வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டேனாம். விழுந்த பல்லைப் பற்றிப் பாலர் பள்ளி ஆசிரியையிடம், "அது லீவுல போயிருக்கு" என்றேனாம். தேசிய தினத்துக்கு எல்லா வீட்டிலும் கொடி தொங்கியபோது, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் பனியனைக் காட்டி, "இதுதான் நம்ம வீட்டுக் கொடியா?" என்றேனாம். எனக்கு இருபத்து மூன்று வயதாகிறது. இன்னும் வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் வருவதற்கு முன்னால் இந்தப் பட்டியல் வந்துவிடும்.

மற்றதெல்லாம் போகட்டும், சிரித்துத் தொலைக்கட்டும். 'மேடம் விளையாட்டு' என்று ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மாமா அதை ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன தீபாவளிக்கும் சொன்னார். பாதிக் கதையைச் சொல்லி, எல்லோரும் சிரித்ததும் நிறுத்திவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார். மீதிப் பாதி நடக்கவே இல்லை என்று இத்தனை பேரும் எப்படித்தான் சேர்ந்து முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது. சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில், ஒன்பதாவது மாடியில் நாலறை வீடு. அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் தஞ்சோங் பகாரில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்பி வர இருட்டிவிடும். நான் பாலர் பள்ளியிலிருந்து வந்த பிறகு வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் வீட்டுப் பணிப்பெண். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் போடவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிவதற்குள் கூரையைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு எப்போதும் நினைப்பு. துணி காயப்போடும் கம்பிகளின் மேல் போர்வையை விரித்து நான் வீடு கட்டும்போதெல்லாம் உள்ளே தலையை நுழைத்து, "ஒனக்கென்ன பாப்பா, ஒரு நிமிசத்துல கூரை வந்துருச்சு" என்பார்.

அந்தப் போர்வை வீட்டில்தான் மேடம் விளையாட்டு. அம்மாவை அக்கா கூப்பிடுவது 'மேடம்' என்று. விளையாட்டில் அக்கா மேடம், நான் பணிப்பெண். ஏன் அப்படி என்று இன்றுவரை கேட்டுச் சிரிக்கிறார்கள். இதில் என்ன சிரிப்பு? பணிப்பெண்ணிடம் துடைப்பம் இருக்கிறது, வாளி இருக்கிறது, தண்ணீர் தெளிக்கும் புட்டி இருக்கிறது. மேடத்திடம் ஒரு கைப்பை மட்டும்தான். ஆறு வயதுப் பிள்ளை எதைக் கேட்கும்?

அக்கா முதலில் மாட்டவே மாட்டேன் என்றார். "வேணாம் பாப்பா, மேடம் பாத்தா வைவாங்க." நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, அம்மாவின் பழைய கைப்பையை அவர் தோளில் மாட்டி உட்கார வைத்தேன். ஆனால் அவருக்கு விளையாடவே தெரியவில்லை. நான் கையில் துடைப்பத்தோடு வந்து நின்றால், "சாப்ட்டியா மா? மொதல்ல சாப்டு, பாத்திரம் எங்க ஓடிப் போவுது" என்பார். வாளியைத் தூக்கி வந்தால், "காலு வலிக்கும், செத்த ஒக்காரு" என்பார். ஒருநாள், "ஞாயித்துக்கெழம தேக்கா கடத்தெருவுக்குப் போயி ஊருக்கு ஒரு போன் போட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று கைப்பையிலிருந்து இல்லாத காசை எடுத்து வேறு நீட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"தப்பு தப்பா விளையாடுறீங்க. மேடம் அப்படிப் பேச மாட்டாங்க" என்றேன்.

"இது வேற மேடம் பாப்பா."

"வேற மேடம்லாம் கிடையாது. ஒரே மேடம்தான்" என்று அடித்துச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை அம்மா தன்னுடைய அலுவலகத் தோழிகள் மூன்று பேரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மாமாவும் வந்திருந்தார். அக்கா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று பிரியாணியும் மீன் பொரியலும் செய்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வழக்கம்போல என் வாயைக் கிளறினார். மின்தூக்கி ஆன்ட்டி ஆயிற்று, பனியன் கொடி ஆயிற்று. கைத்தட்டல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "நானும் அக்காவும் மேடம் விளையாட்டு விளையாடுவோம்" என்றேன்.

"செஞ்சு காட்டுலா" என்று மாமா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

நான் அடுப்படிக்கு ஓடி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். அம்மாதான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "பிள்ளை ஆசையா கேக்குதுல, வந்து செய்யேன்." இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூப்பிட்டது நான், செய்யச் சொன்னது அம்மா. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவின் விளிம்பில் பட்டும் படாமல் உட்கார்ந்தார். அந்த வீட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் அவர் அந்தச் சோபாவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அக்கா மெதுவாக, "சாப்ட்டியா மா?" என்று ஆரம்பித்தார். விருந்தினர் முன்னால் என் மானம் போய்விடும் என்று எனக்குப் பதறிவிட்டது. "தப்பு, தள்ளுங்க, நான் காட்டுறேன்" என்று கைப்பையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். இடுப்பில் கை வைத்து, அம்மாவின் குரலிலேயே பேசினேன்.

"போன் எங்க? குடு இங்க. ஞாயித்துக்கிழமைதான் போன். இது என்ன, புதுச் சோத்துல கை வைக்கிற? முந்தாநாள் சோறு இருக்குல, அதத் தின்னு முடி. உக்காரத்தான் உன்ன பிளேன்ல கூட்டிட்டு வந்தேனா?"

முதல் வரிக்கு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வரிக்கு மாமா மட்டும் சிரித்தார். மூன்றாவதுக்கு யாருமே சிரிக்கவில்லை. தோழிகளில் ஒருவர் தட்டில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எல்லோரையும்விடச் சத்தமாக அம்மாதான் சிரித்தார். "எங்கேருந்துதான் கத்துக்குதோ" என்றார். மாமா சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

விருந்தினர் போய்க் கதவு சாத்திய மறு நிமிடம் அம்மா அக்காவை நிற்க வைத்துக் கேட்டார். "பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து என் மானத்த வாங்கிட்டல்ல?" "இல்ல மேடம், இல்ல மேடம்" என்றே அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்று, "யாரும் சொல்லிக் குடுக்கல, நானே கேட்டேன், நீங்க தினமும் சொல்லுவீங்கல்ல" என்றேன்.

"பிள்ளை அது, தெரியாமப் பேசுது" என்றார் அப்பா.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அந்த வயதில் நான் உளறியதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்துப் பத்துப் பேருக்குச் சொன்ன குடும்பம் இது. பல் லீவில் போனதை நம்பினார்கள், பனியன் கொடியை நம்பினார்கள். ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைச் சொன்னேன். அது மட்டும் தெரியாமல் பேசியதாகிவிட்டது. என் அம்மா கெட்டவர் இல்லை என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதிவிட்டு அடுத்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மா, அக்காவை வேலைக்குச் சேர்த்துவிட்ட முகவரைக் கூப்பிட்டுப் பேசினார். வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாமா என்று முகவர் கேட்டாராம், அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அக்கா ஊருக்குப் போகிறார் என்று மட்டும் என்னிடம் சொன்னார்கள். பாலர் பள்ளி விடுமுறை முடிந்து நான் திரும்பிப் போவதுபோல அக்காவும் திரும்பி வருவார் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை முகவர் வந்தார். துணைக்கு மாமாவும் வந்திருந்தார். கூடத்தின் நடுவில் அக்காவின் பெட்டியைத் திறந்து வைத்து, அம்மா துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். "எல்லா வீட்லயும் பாக்கறதுதான்" என்று முகவரிடம் சொல்லிக்கொண்டார். இரண்டு நைட்டி, நாலு சுடிதார், தைலப் புட்டிகள், ஒரு மிட்டாய்ப் பொட்டலம். பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். அக்கா கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றார்.

எனக்கு ஒரே உற்சாகம். அறைக்கு ஓடிப் போய் என் பள்ளிப் பையை எடுத்து வந்து, அக்காவின் பெட்டிக்குப் பின்னால் வரிசையில் வைத்தேன். நானும் கைகளைப் பக்கவாட்டில் வைத்து நின்று, "அடுத்தது நான், மேடம்" என்றேன். மாமாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. முகவரும் சிரித்தார். அம்மா என் பையின் ஜிப்பைப் பாதி திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, ஓகே, போ" என்று மூடினார்.

"அக்காவோடத எல்லாம் உதறிப் பாத்தீங்க. என்னோடத ஏன் பாக்கல?" என்று கத்தினேன்.  பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வண்ணப் பென்சில்கள் சோபாவுக்கு அடியில் உருண்டு போயின. அக்கா தரையில் மண்டியிட்டு, கலைந்து கிடந்த துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

வாசலில் நின்று, "போய்ட்டு வரேன் பாப்பா" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு மட்டும் அவ்வளவு நேரம் சோதனை, எனக்கு அரை நிமிடம்தானா என்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன்.