மூன்று அறையில் ஒரு செருப்பு

டைட்டஸ் பதினெட்டு வருஷம் ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கோணி விரித்து, செருப்புக்குத் தோல் வெட்டியவர். பக்கத்தில் கமலம் மெஷினில் தைப்பார். அதற்கடுத்து மஹபூப் பாஷா அடி வைத்து ஒட்டுவார். வெட்டியதை எட்டி நீட்டினால் போதும், எழுந்திருக்கிற வேலையே இல்லை.

2003இல் சாலையை அகலப்படுத்த எல்லாரையும் கிளப்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, மாற்று இடமும் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே முப்பது அறைகள், ஷட்டர், கரண்டு எல்லாம் வைத்து. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே! குலுக்கல் போட்டார்கள். டைட்டஸுக்கு இரண்டாம் அறை, கமலத்துக்குப் பதினேழு, பாஷாவுக்கு இருபத்தொன்பது. மாற்றிக்கொள்கிறோம் என்று கெஞ்சினால் விதியில் இடமில்லையாம்.

சரி போகட்டும் என்று மூவரும் டைட்டஸ் அறையிலேயே உட்கார்ந்தார்கள். பத்தே நாளில் நோட்டீஸ் வந்தது. பகலில் ஆளில்லாமல் கிடக்கும் அறையின் ஒதுக்கீடு ரத்து.

"இன்னா பேஜார்பா இது! ஒரு செருப்ப மூணு ரூம்ல எப்டி செய்றது?" என்று பாஷா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவரவர் அறையில் அவரவர். யாராவது ஒருத்தர் சுமந்துதானே ஆகவேண்டும், டைட்டஸ் சுமந்தார். தோல் திருடுபோகும் என்று ஒவ்வொரு தடவையும் ஷட்டரைப் பூட்டிவிட்டு நடப்பார். நாளெல்லாம் இதே நடை. கால் வலித்ததைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி.

ஒருநாள் கமலத்திடம் வெட்டிய தோலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "டைட்டஸண்ணே, உங்க ரூம்ல இன்னாமோ ஒட்றாங்க!" என்றார் கமலம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஷட்டரில் ஈரம் காயாத காகிதம், பக்கத்தில் அதிகாரி. 'தொழில் நடைபெறவில்லை. ஒதுக்கீடு ரத்து.'

"தைக்கக் குடுக்கப் போனேன் சார்."

"பூட்டியிருந்துச்சா இல்லையா?" என்றார் அதிகாரி.

டைட்டஸ் விடவில்லை. "கதவத் தெறந்து வெச்சிட்டுத் தூங்கினா தொழில் நடக்குதுன்னு எழுதுவீங்க. வேலைக்காக ஓடினா நடக்கலன்னு எழுதுவீங்க. இன்னா சார் நியாயம்?"

அதிகாரி சாவிக்குக் கை நீட்டினார்.

கமலமும் பாஷாவும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்து நின்று ஒரு வார்த்தை பேச இரண்டு பேருக்குமே துடித்தது. வந்தால் அந்த அறைகளும் போய்விடும். டைட்டஸே அவர்களைப் பார்த்து, வராதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.